ஆர்கைல் ஏரி: டார்வினிலிருந்து சாதாரணக் காரில், அம்மாவோடும் பிள்ளைகளோடும்

டார்வினில் இருக்கிறீர்கள். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறை. எழுபதைத் தாண்டிய அம்மா, எட்டும் பதினொன்றுமாக இரண்டு பிள்ளைகள், நான்கு சக்கர இயக்கம் இல்லாத ஒரு சாதாரணக் கார். மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் இருக்கும் ஆர்கைல் ஏரியை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா, முதலைகள் இருக்கும் ஏரியில் குளிக்கலாம் என்கிறார்களே, அதை நம்பலாமா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் நீங்கள் கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் இருக்கிறது: 800 கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிப் போகும் அளவுக்கு அங்கே பார்க்க என்ன இருக்கிறது? முதலில் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன். கார் போதும். ஒரு நாள் போதாது. சில கட்டுப்பாடுகளோடு குளிக்கலாம். பயப்பட வேண்டியது முதலைக்கு அல்ல, இருட்டிய பிறகான சாலைக்கு.

ஒரு நாள் ஏன் போதாது என்பதற்குக் காரணம் அந்த அணை கட்டப்பட்ட இடம். ஆர்ட் நதி கார் பாய்ட் மலைத்தொடரை அறுத்துக்கொண்டு வெளியேறும் ஒரு குறுகலான பள்ளத்தாக்கில் அணையைக் கட்டியிருக்கிறார்கள். களிமண் நடுச்சுவரும் அதன் இருபுறமும் குவித்த பாறைகளுமாக இருக்கும் அந்தக் கட்டின் நீளம் 335 மீட்டர்தான், உயரம் 98 மீட்டர். அதன்மேல் நின்று தெற்கே பார்த்தால் செம்மலைகளுக்கு நடுவே ஒரு குடாவளவு தண்ணீர்தான் தெரியும். ‘இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம்’ என்று தோன்றும். ஏரி அந்த மலைகளுக்குப் பின்னால், பழைய மாட்டுப்பண்ணைச் சமவெளியின் மீது, நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. கரையிலிருந்து அதைப் பார்க்க வழியில்லை. படகில் ஏறி மலை இடுக்கைத் தாண்ட வேண்டும், அல்லது மேலே பறக்க வேண்டும். காலையில் வந்து அணையில் படம் எடுத்துக்கொண்டு மதியமே திரும்புகிறவர்கள் ஏரியைப் பார்க்காமலேதான் போகிறார்கள்.

அளவைப் பற்றி நம் கணக்கில் சொன்னால்தான் புரியும். முழுக் கொள்ளளவு 10,763 கிகாலிட்டர், அதாவது சுமார் 380 டி.எம்.சி.; மேட்டூரின் 93.47 டி.எம்.சி.யை நான்கு முறை ஊற்றலாம். அணை 1971இல் முடிந்து 1972இல் திறக்கப்பட்டது. இன்றைய கொள்ளளவு அப்போதே வந்ததல்ல. 1990களில் உபரிநீர் வழிந்தோடும் கலிங்கை 6 மீட்டர் உயர்த்தினார்கள். நீர் பரவும் நிலம் அவ்வளவு தட்டையானது என்பதால், அந்த 6 மீட்டருக்கே கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே காரணத்தால் நீர்மட்டம் சில மீட்டர் இறங்கினாலும் கரை வெகுதூரம் பின்வாங்கிவிடும். ஒரே ஏரியின் படங்கள் ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறாக இருப்பது இதனால்தான். நீங்கள் போகும் ஆண்டில் ஏரி எப்படியிருக்கும் என்பது அதற்கு முந்தைய நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மழையைப் பொறுத்தது. அணையை நிர்வகிக்கும் மேற்கு ஆஸ்திரேலிய நீர் நிறுவனம் நீர்மட்டத்தை இணையத்தில் போடுகிறது. மட்டம் குறைவென்றால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. நீர் இறங்கும்போது தீவுகள் கூடும், பறவைகளும் சேற்றோரங்களில் நெருக்கமாகச் சேரும்.

நீங்கள் தேர்ந்த காலம் சரியான காலம். மே முதல் செப்டம்பர் வரை வறண்ட பருவம்; ஜூன், ஜூலையில் பகலில் 30 டிகிரியை ஒட்டியும், இரவில் 15 டிகிரி அளவிலும் இருக்கும். அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். படகில் மாலைக் காற்று நன்றாகவே குளிரும். அக்டோபர், நவம்பர் பக்கம் யாராவது ‘கூட்டம் இருக்காது’ என்று ஆசை காட்டினால் கேட்காதீர்கள். அப்போது 40 டிகிரி என்பது சாதாரணம். முதியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது சுற்றுலா ஆகாது. மழைப் பருவத்தில் சாலைகள் மூடும், படகுச் சவாரிகள் பெரும்பாலும் நிற்கும். 2023 ஜனவரியில் ஃபிட்ஸ்ராய் நதி வெள்ளம் ஃபிட்ஸ்ராய் கிராஸிங் பாலத்தையே உடைத்தது. புரூமிலிருந்து இந்தப் பக்கம் வரும் ஒரே தார்ச்சாலை அதனால் அறுந்து, புதுப் பாலம் திறக்க அந்த ஆண்டு டிசம்பர் ஆனது. உங்கள் வழி அது இல்லை என்றாலும், இந்தப் பகுதியில் ‘மாற்று வழி’ என்ற ஒன்று கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி சாலை. டார்வினிலிருந்து கேத்தரின் 317 கிலோமீட்டர். அங்கிருந்து விக்டோரியா நெடுஞ்சாலையில் மேற்கே திரும்பினால் டிம்பர் கிரீக் சுமார் 285 கிலோமீட்டர். பிறகு மாநில எல்லை. எல்லையைக் கடந்த சில கிலோமீட்டரிலேயே இடப்பக்கம் ஏரிக்குப் பிரியும் சாலை வரும். அதில் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். நேராகப் போனால் குனுனுரா ஊர். ஏரியிலிருந்து குனுனுராவுக்குச் சாலை வழி சுமார் 70 கிலோமீட்டர். முழுவதும் தார்ச்சாலை என்பதால் உங்கள் காரே போதும். எரிபொருளுக்கு கேத்தரின், டிம்பர் கிரீக், குனுனுரா மூன்றிலும் நிரப்பிக்கொள்ளுங்கள். டிம்பர் கிரீக்குக்கும் குனுனுராவுக்கும் இடையே சுமார் 225 கிலோமீட்டருக்கு வேறு பங்க்கை நம்ப முடியாது. ‘பாதி டாங்க் இருக்கிறதே’ என்று எந்த ஊரையும் தாண்டாதீர்கள். விலை நகரத்தைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். புறப்படும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். இப்போதைய பல கார்களில் ஸ்டெப்னியே கிடையாது, பசை டப்பாவும் ஒரு சின்னப் பம்ப்பும்தான் வைத்திருப்பார்கள். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தப் பசை எதற்கும் உதவாது. முழு அளவு ஸ்டெப்னி ஒன்று, வேலை செய்யும் ஜாக்கி, ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிநீர், அதற்கு மேல் தொடாமல் வைத்திருக்க ஒரு 10 லிட்டர் கேன்: இவை இருந்தால் போதும். வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கவே கூடாது. தேடி வருபவர்களுக்குக் கார் கண்ணில் படும், மனிதர் படமாட்டார். இந்தச் சாலையில் வறண்ட பருவத்தில் அரை மணிக்குள் யாராவது வருவார்கள், வந்தவர் நிற்கவும் செய்வார்.

ஒரே நாளில் டார்வினிலிருந்து ஏரிக்குப் போய்ச் சேர முடியுமா என்றால், கணக்குப்படி முடியும். செய்யாதீர்கள். ஜூன் கடைசியில் டார்வினில் விடியவே 7 மணி ஆகும். ஒன்பது மணி நேரம் ஓட்டம், அம்மாவுக்கும் பிள்ளைகளுக்குமாக இரண்டு மணி நேர நிறுத்தம் என்றால் மாலை 6 மணி. எல்லையைக் கடந்ததும் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ள வேண்டும். அதைப் பார்த்து ‘நேரம் மிச்சம்’ என்று நினைப்பவர்கள் பலர். சூரியனுக்குக் கடிகாரம் தெரியாது. மேற்கு ஆஸ்திரேலிய நேரப்படி அங்கே மாலை ஐந்தேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். அந்தி சாய்ந்ததும் மாடுகள் வேலியில்லாத சாலைக்கு வரும், தாரில் ஒட்டியிருக்கும் பகல் சூட்டுக்காகப் படுத்தும் கிடக்கும். சின்னக் கங்காரு போன்ற வாலபிகளும் அந்த நேரத்தில்தான் நடமாடும். மணிக்கு 110 கிலோமீட்டரில் வரும் சிறிய கார் அரை டன் மாட்டின் மேல் மோதினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் நகரத்துக்கு வெளியே சூரியன் மறைந்த பின் ஓட்டினால் காப்பீடு செல்லாது என்று சிறிய எழுத்தில் இருக்கும். வாடகைக் கார் என்றால் மாநில எல்லை தாண்ட அனுமதி உண்டா, நாளுக்கு எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம் என்ற இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

ஆகவே முதல் இரவு கேத்தரினில் தங்குங்கள். மறுநாள் காலை ஏழரைக்குக் கிளம்பினால் குனுனுராவுக்கு 512 கிலோமீட்டர், அந்த ஊர் நேரப்படி மதியம் பன்னிரண்டரை ஒரு மணிக்குப் போய்விடலாம். சாப்பிட்டு, கடைக்குப் போய், 3 மணிக்கு ஏரியில் இருக்கலாம். வழியில் ரோடு டிரெயின் என்ற மூன்று, நான்கு இழுவைகள் கோத்த லாரிகள் வரும், நீளம் 53.5 மீட்டர் வரை இருக்கும். முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் நேர்சாலை கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லையென்றால் பின்னால் பொறுமையாகப் போங்கள். எதிரே வந்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள், அது கடக்கும்போது வீசும் காற்று சின்னக் காரை ஆட்டும். இன்னொன்று: வழியில் வரும் விக்டோரியா நதி பார்க்க அழகாக இருக்கும். பிள்ளைகள் கால் நனைக்கக் கேட்பார்கள். கூடவே கூடாது. அது உப்புநீர் முதலைகளின் நதி.

ஏரிக்குத் திரும்பும் சாலை முதலில் வரும்போது எதற்கு 35 கிலோமீட்டர் தாண்டிக் குனுனுராவுக்குப் போய்விட்டு வர வேண்டும் என்று கேட்கலாம். காரணம் எல்லையில் இருக்கும் குவாரன்டைன் சோதனைச் சாவடி. பச்சைக் காய்கறி, பழம், தேன், செடி, மண், விதை எதையும் மேற்கு ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோக முடியாது. நம் வீட்டுக் கூடையில் இருக்கும் கறிவேப்பிலை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சம்பழம், சின்ன வெங்காயம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். புளியோதரை, எலுமிச்சைச் சோறு, சப்பாத்தி போன்ற சமைத்த உணவுக்குத் தடையில்லை. வீட்டில் மூட்டை கட்டிய கடுகு, முழுப் பயறு, வெந்தயம் என்று முளைக்கக்கூடிய எதுவாக இருந்தாலும் எடுத்துக் காட்டிவிடுங்கள். முடிவு அதிகாரியின் கையில். காட்டினால் பிரச்சினை இல்லை, அதிகபட்சம் குப்பைத் தொட்டிக்குப் போகும். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். ஏரிக்கரையில் காய்கறி வாங்கப் பெரிய கடை இல்லை. உணவகம் உண்டு, ஆனால் சைவம் சாப்பிடும் அம்மாவுக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்கு வறுவலைக் கொடுக்க முடியாது. குனுனுராவில் சூப்பர்மார்க்கெட் இருக்கிறது. இரண்டு நாளுக்கு வேண்டியதை அங்கே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

ஏரிக்கரையில் தங்குமிடம் ஒன்றுதான்: கேபின்கள், கூடாரம் போடும் இடம், கரைமேட்டில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் நீச்சல் குளம் எல்லாம் அதற்குள்ளேயே. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களும் நிரம்பி வழியும். கேபின் வேண்டுமென்றால் பல மாதங்கள் முன்பே புக் செய்ய வேண்டும். படங்களில் வரும் அந்தக் குளத்து நீர் ஜூன் காலையில் சில்லென்று இருக்கும், பிள்ளைகள் மதியத்துக்கு மேல் இறங்கட்டும். இரண்டு இரவு தங்குங்கள். கேபின் கிடைக்காவிட்டால் குனுனுராவில் தங்கி, படகுக்காரரின் பேருந்திலேயே ஏரிக்கு வந்து போக முடியுமா என்று கேளுங்கள். நீங்களே ஓட்டி வந்தால், படகு முடியும்போது இருட்டிவிடும். முன்பு சொன்ன 70 கிலோமீட்டர் மாட்டுச் சாலையை இரவில் கடக்க வேண்டியிருக்கும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் பணம் செலவழிக்க முடியும் என்றால் மதியம் புறப்பட்டு அந்தியில் திரும்பும் படகுச் சவாரியை எடுங்கள். மலை இடுக்கைத் தாண்டி ஏரி திறக்கும் இடம் அதில்தான் கிடைக்கும். தீவுப் பாறைகளில் சிறு வாலபிகள், கரையோரம் வெயில் காயும் நன்னீர் முதலைகள், நாரைகள், தாமரையிலைக் கோழிகள் என்று பறவைகள் ஏராளம். இந்த ஏரியும் கீழேயுள்ள குனுனுரா ஏரியும் சேர்ந்து 1990 முதல் ராம்சார் ஈரநிலம். காலைச் சவாரியைவிட மாலையை நான் பரிந்துரைப்பதற்கு வெளிச்சம் மட்டும் காரணமல்ல. வறண்ட பருவத்தில் கிழக்குக் காற்று பெரும்பாலும் காலையில்தான் வலுக்கும், இவ்வளவு பரந்த நீரில் அது நல்ல அலையைக் கிளப்பும். வயிறு புரட்டுபவர்களுக்கு மாலை நல்லது. படகில் ஏற அம்மாவுக்கு எத்தனை படி, கைப்பிடி உண்டா என்று புக் செய்யும்போதே கேளுங்கள். படகுக்குப் படகு அது மாறும்.

அணைக்குக் கீழே ஆர்ட் நதியில் 55 கிலோமீட்டர் ஓடிக் குனுனுராவுக்கு இறங்கும் படகுப் பயணமும் உண்டு. போக படகு, வர பேருந்து, அல்லது திருப்பி. நதி அழகானது, ஆனால் வேகப் படகின் இரைச்சலிலும் காற்றிலும் நெடுநேரம் உட்கார வேண்டும். பெரியவருக்கு அது ஒத்துவருமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஏரியின் முழு உருவத்தைப் பார்க்க வேண்டுமென்றால் குனுனுராவிலிருந்து கிளம்பும் சிறு விமானம். பர்னுலுலு தேசியப் பூங்காவின் தேன்கூடு போன்ற பாறைக் குன்றுகளையும் அதே சுற்றில் காட்டுவார்கள். காலை முதல் விமானமே நல்லது, வெயில் ஏற ஏறத் தூக்கிப் போடும். அந்தக் குன்றுகளுக்குத் தரைவழி 53 கிலோமீட்டர் கரடுமுரடான தடம் இருக்கிறது, அதற்கு உங்கள் காரோடு ஆசைப்படாதீர்கள்.

இனி முதலை. உறுதியாகச் சொல்லக்கூடியது இது: ஆர்கைல் ஏரியில் ஆயிரக்கணக்கில் இருப்பவை நன்னீர் முதலைகள். ஒடுங்கிய நீள மூக்கு, மீனும் தவளையும் பூச்சியும் தின்பவை, மனிதரை இரையாகப் பார்ப்பதில்லை. கடித்த நிகழ்வுகள் உண்டு. பெரும்பாலும் மிதித்தபோதோ, தொட்டபோதோ, மடக்கி மூலையில் நிறுத்தியபோதோ நடந்தவை. அந்த ஏரியில் ஆண்டுதோறும் 10, 20 கிலோமீட்டர் நீச்சல் போட்டியே நடக்கிறது. சந்தேகத்துக்கு இடமுள்ளது வேறொன்று: உப்புநீர் முதலை. அதன் வழக்கமான இருப்பிடம் நீரை வயல்களுக்குத் திருப்பிவிடும் குனுனுராவின் திருப்பு அணைக்குக் கீழே கடல்வரை போகும் ஆர்ட் நதி. அந்த நதியைச் சாலை கடக்கும் ஐவன்ஹோ கிராஸிங்கில் அது நிச்சயம் உண்டு, அங்கே நீர் விளிம்புக்கே போக வேண்டாம். திருப்பு அணைக்கு மேலேயுள்ள குனுனுரா ஏரியிலும் அவ்வப்போது பிடிபட்டிருக்கிறது. ஆர்கைல் ஏரி அதற்கும் மேலே, பெரிய அணைக்குப் பின்னால் இருக்கிறது என்பதால் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் வட ஆஸ்திரேலியாவின் எந்த நீரிலும் ‘அறவே கிடையாது’ என்று பொறுப்புள்ள யாரும் எழுதித் தரமாட்டார்கள், நானும் தரமாட்டேன். அன்றைய நிலையை அங்கேயுள்ள அறிவிப்புப் பலகையும் படகோட்டியும்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே படகு நடு ஏரியில் நிறுத்திக் குதிக்கச் சொல்லும் இடத்தில் பிள்ளைகளை இறக்கலாம், மிதவைச் சட்டையோடு. அங்கே ஆழம் அதிகம், நீச்சல் தெரிந்த பிள்ளைக்கும் சட்டை வேண்டும். கரையோரப் பாசியும் நாணலும் உள்ள கலங்கல் நீரில் இறங்க வேண்டாம். மிதிபடுவதற்கு முதலை படுத்திருக்கும் இடம் அதுதான். அந்திக்குப் பின் குளியல் இல்லை. மீன் சுத்தம் செய்யும் இடத்தருகே குளியல் இல்லை. கரையில் கிடக்கும் குட்டி முதலையை எடுத்துப் படம் பிடிக்க வேண்டாம், அது சட்டப்படியும் குற்றம்.

அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை. அருகிலுள்ள மருத்துவமனை குனுனுராவில். மருந்துகளைத் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்சுலின் இருந்தால் கார் பெட்டியில் அல்ல, குளிர்ப்பெட்டியில். ஊர்களை விட்டு வெளியே வந்தால் கைபேசி சிக்னல் கிடையாது. ஊர்களிலும் டெல்ஸ்ட்ரா வலைப்பின்னல்தான் ஓரளவு பிடிக்கும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், செயற்கைக்கோள் அவசரக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தால் நிம்மதி. இதய நோயோ மூச்சுத் தொல்லையோ உள்ளவர் என்றால் இந்தத் தூரம் ஏற்றதா என்பதை அவருடைய மருத்துவர் சொல்லட்டும்.

ஏரிக்கரையில் இரண்டாம் நாள் காலை சும்மா இருக்கும். அணையின்மேல் போய் வாருங்கள், பிறகு ஆர்கைல் டவுன்ஸ் வீட்டைப் பாருங்கள். 1880களில் குவின்ஸ்லாந்திலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்த டியூராக் குடும்பத்தின் கல்வீடு அது. ஏரி மூழ்கடிக்கும் முன் கல்கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்பக் கட்டி அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வீட்டை மேலே தூக்கி வைத்தார்கள்; அதே சமவெளி மிரியுவங், கஜெரோங் என்ற பூர்வகுடி மக்களுக்குச் சொந்தமானது, அவர்களுடைய புனித இடங்களை எடுத்து வைக்க முடியவில்லை, கட்டும்போது அவர்களைக் கேட்கவும் இல்லை. அரசு அவர்களோடு ஆர்ட் இறுதி ஒப்பந்தம் செய்தது 2005இல்தான். குனுனுராவைச் சுற்றி இந்த நீரில் பாயும் வயல்களையும் போகிற வழியில் பாருங்கள். 1960களில் பருத்தி போட்டு, பூச்சியிடம் தோற்று, 1970களின் நடுவில் கைவிட்டார்கள். இப்போது அங்கே வரிசை வரிசையாக நிற்கும் மரம் நம் ஜவ்வாது மலையிலும் வளரும் அதே சந்தன மரம். பக்கத்தில் துணைச்செடி ஒன்றையும் நட்டிருப்பார்கள். சந்தனம் அடுத்த செடியின் வேரிலிருந்து உறிஞ்சி வாழ்வது.

திரும்பும்போது கடிகாரம் உங்களுக்கு எதிராக ஓடும். ஏரியில் காலை 6 மணி என்றால் எல்லைக்கு அப்பால் ஏழரை. அங்கே விடிந்ததும், அதாவது ஆறு மணியை ஒட்டி, கிளம்பினால் சுமார் 500 கிலோமீட்டர் ஓட்டி மதியம் மூன்றுக்குள் கேத்தரினில் இருக்கலாம். அன்றிரவும் அங்கேயே தங்கி மறுநாள் டார்வின். மொத்தம் ஐந்து இரவு ஒதுக்கினால் ஒருநாள் கையிருப்பாக மிஞ்சும்.